கதிரைக்குச் சப்பாத்து போட்ட வீடு

கதிரையின் நாலு காலுக்கும் துணிச் சப்பாத்து மாட்டி, நூலை இழுத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் விமலேஸ்வரியக்கா என்னை இருக்கச் சொன்னார். என் சப்பாத்து வாசலுக்கு வெளியே கிடந்தது. மனிதர் வெறுங்காலோடும் கதிரைகள் பூப்போட்ட சப்பாத்தோடும் இருக்கிற வீடு அக்கராயனில் இது ஒன்றுதான். சட்டை தைத்து மிஞ்சும் வெட்டுத்துண்டெல்லாம் கதிரைக் கால்களுக்கே போகிறது.

"இழுத்தாக் கீறும் பிள்ளை. பொறாமையெண்டாச் சொல்லுங்கோ, உங்களுக்கும் ஒரு சோடி தைச்சுத்தாறன்."

கீறக்கூடாதது மூங்கில் தரை. மகன் சிவகரன் சுவிசில் வீடுகளுக்குத் தரை பதிக்கிறவர். போன வருடம் விடுமுறையில் வந்து, கொழும்பிலிருந்து மூங்கில் பலகை இறக்கி, விடுமுறை முழுவதும் முழங்காலில் நின்று பதித்துவிட்டுப் போனார். ஊர் சிரித்தது. வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. "எல்லாரும் கடைசியாத்தான் மூங்கிலிலை படுக்கிறது. இவள் முந்திப்போட்டாள்" என்றார் கணவர் வீரகத்தியர்.

விமலேஸ்வரியக்காவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, போர் கொண்டுபோனது. பகலில் செயற்கைக் காலோடு நடப்பார். பொழுதுபட்டதும் அதைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, இருந்தபடியே அரக்கி அரக்கிக் குசினிக்கும் தையல் மெசினுக்கும் போய்வருவார். மார்கழியில் சீமெந்தின் குளிர் எலும்புக்குள் ஏறும். மூங்கிலுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை.

"இடம்பெயர்ந்த காலத்திலை தறப்பாளுக்குக் கீழாலை தண்ணி ஓட ஓட அதுக்கு மேலை படுத்தெழும்பின ஆக்கள் நாங்கள். இப்ப பாருங்கோ, தண்ணியே படக்கூடாத தரை!" என்பார். காலையில் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் கட்டிலை விட்டு இறங்கமாட்டார்.

நன்றி இருக்கிறது என்பதற்காகக் குறை சொல்லாமல் விடுகிறவரும் அல்ல. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பலகைகள் மெலிந்து நீக்கல் விழும். தையல் ஊசிகள் அதற்குள் போய் ஒளிக்கும். காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வா வெளியிலை, உனக்கு இப்ப இருக்கு" என்று ஊசியோடு கதைப்பார். மாரி பிறந்தால் பலகைகள் கொழுத்து நீக்கல் மூடிவிடும்.

வில்லங்கம் அந்த முதல் மாரியில்தான் வந்தது. மகன் விமானம் ஏறிய அடுத்த வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவுவது என்ற பழக்கத்தில், மஞ்சள் தண்ணீரை வாளியோடு ஊற்றிவிட்டார். ஊற்றிய கையோடு, தண்ணீர் படக்கூடாது என்று மகன் சொன்னது நினைவு வந்து, கைக்கு எட்டிய சேலைகளையெல்லாம் போட்டுத் துடைத்தார். ஆனால் மழை பிடித்ததும் நடுத்தரை பூசணிக்காய் புதைத்ததுபோல் மேடாக எழும்பியது. அன்று முதல், மகன் வீடியோவில் வரும்போதெல்லாம் ஒரு கதிரை அந்த மேட்டை மறைத்துக்கொண்டு நின்றது.

"ஏனம்மா, கதிரை எப்பவும் நடுவிலை நிக்குது?"

"அதுக்கும் காத்து வேண்டாமே, தம்பி?"

இந்த வருடம் சிவகரன் நேரில் வந்து கதிரையைத் தூக்கினார். "இது உங்களுக்குச் சரிவராதம்மா. கிளப்பிப்போட்டு மாபிள் போடுவம்" என்றார்.

"மாபிளிலை காலோடை போனா வழுக்கும். காலைக் கழட்டினாக் குளிரும். அப்ப நான் கட்டிலோடை கிடக்கிறதே? தண்ணி வாத்தது நான். பேசுறதெண்டா என்னைப் பேசு. தரையைக் கிளப்பாதை."

ஒரு வாளித் தண்ணீர், அதுவும் உடனே துடைத்தது, இவ்வளவு கிளப்பாது என்று மகனுக்குத் தெரியும். சுவரோரம் அடித்திருந்த பட்டியைக் கழற்றிப் பார்த்தார். மாரியில் பலகை நீட்டி நிமிர்வதற்கென்று சுவருக்கும் தரைக்கும் நடுவே விரலளவு இடம் விட்டுப் போயிருந்தார். அது முழுவதும் சீமெந்து. நீட்ட இடமில்லாத தரை, வேறு வழியில்லாமல் மேலே எழும்பியிருக்கிறது. பூச்சு வெகு அழகு.

வீரகத்தியர் முகட்டைப் பார்த்தார். "நீ அவசரத்திலை அரைகுறையா விட்டிட்டுப் போனாயெண்டு நினைச்சன். அதுக்குள்ளாலை எறும்பும் வரத் தொடங்கீற்று. கொம்மா நிலத்திலை அரக்கிறவள். கடிக்குமெண்டுதான் பட்டியைக் கழட்டிப் பூசினனான்."

ஒரு வருடமாகத் தன் வாளியையே திட்டிக்கொண்டிருந்தவர் விமலேஸ்வரியக்கா. இப்போது திட்டுவதற்கு முழுசாக ஒரு மனிதர் அகப்பட்டும், திட்டை விட்டுவிட்டு உளியைத் தேடி எடுத்து மகனிடம் நீட்டினார்.

சிவகரன் உளியால் சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, மாபிள் கதையையும் அதோடு விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். கச்சான் காற்றில் மேடு தணிந்துவிட்டது. உள்ளங்கைக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன மேடு மிச்சம். எறும்புக்கு அக்கா சுவரோரம் மஞ்சள் போடுகிறார். தண்ணீராக அல்ல, தூளாக.

நான் எழும்பும் நேரம் அவர் இன்னொன்று தைத்துக்கொண்டிருந்தார். வெட்டுத்துண்டில் அல்ல, பொங்கலுக்குக் கட்டிய சேலையின் சரிகைக் கரையில். "இது எந்தக் கதிரைக்கு?" என்றேன். தைத்து முடித்ததும், வீரகத்தியரின் சீமெந்து பூசுகிற சாந்தகப்பையை எடுத்து, தன் பாவாடையில் துடைத்து, அந்தச் சரிகை உறைக்குள் பக்குவமாக விட்டு, வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார்.