முடிக்காரரின் மூட்டை

முடிக்காரரை அடித்தது யார் என்று போலீஸ் வந்து கேட்டபோது ஊரே வாயை மூடிக்கொண்டது. நான் சொன்னேன். நான்கு பேரைக் கை காட்டினேன். அதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாத வீடுகள் உண்டு. பேசாவிட்டால் போகட்டும். அவர்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டுச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுப்பவள் நான்தான். பென்னாகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்த ஊருக்குப் பால்வாடி டீச்சராக வந்து பதினாறு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தலை வாரும்போது சீப்பில் வரும் சிக்கு முடியைக் கொட்டிவிடுவதில்லை. சுருட்டி உருண்டையாக்கி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் செருகி வைப்பார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முடிக்காரர் மொபெட்டில் வருவார். கர்நாடக எல்லையோரம் அவர் ஊர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கன்னடம் கலந்த தமிழ். கைத்தராசில் முடியை நிறுத்து வாங்கிக்கொண்டு ஜக்கு, பக்கெட், கொண்டை ஊசி கொடுப்பார். கூடி நிற்கும் பிள்ளைகளுக்குச் சும்மாவே ஆளுக்கொரு பலூன். நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பிருந்தே அவர் வந்துகொண்டிருந்தார். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பழக்கமே கடைசியில் அவருக்கு வினையாகிவிட்டது.

பால்வாடித் தாய்மார்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. நான்தான் தொடங்கினேன். தடுப்பூசி என்றைக்கு, எடை பார்ப்பது என்றைக்கு என்று சொல்ல. நாளடைவில் அதில் வராதது எதுவும் இல்லை. சாமி படம், காலை வணக்கம், யாருடைய பிறந்தநாளோ, யாருடைய சாவோ. எது வந்தாலும் எல்லாரும் கும்பிடு போடுவோம், இரண்டு கை கூப்பிய அந்தப் படம்தான். பார்த்தேன் என்பதற்கும் கும்பிடு, சரி என்பதற்கும் கும்பிடு.

அன்று காலை அந்தக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. நான் பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருத்தி தன் போனில் போட்டுக் காட்டியபோதுதான் அதில் என்ன இருந்தது என்று தெரிந்தது. யாரோ ஒரு பெண் அழுகிற குரலில் பேசுகிறாள். மூட்டையோடு வண்டியில் வருகிறார்களாம், பிள்ளைகளைத் தூக்குகிறார்களாம், மொட்டையடித்து முடியை விற்றுவிட்டுப் பிள்ளையை வேறு ஊருக்குக் கடத்துகிறார்களாம். எந்த ஊர், என்றைக்கு, யார் பிள்ளை, ஒன்றும் கிடையாது. எல்லாருக்கும் அனுப்புங்கள் என்பது மட்டும் மூன்று தடவை இருந்தது.

பதினோரு மணிக்கு முடிக்காரர் வந்தார். தண்ணீர்த் தொட்டி பக்கத்து வீட்டில் முடி வாங்கி, பச்சை ஜக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பலூன் ஊதிக்கொண்டிருந்தார். வழியில் வந்த ஒருவன் மூட்டையில் என்ன என்று கேட்டிருக்கிறான். பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறான். உள்ளே முடி. வேறென்ன இருக்கும்?

சத்தம் கேட்டு, பிள்ளைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டு ஓடினேன். அவரைத் தொட்டியோரம் தள்ளி மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பயத்தில் அவருக்குத் தமிழே மறந்துவிட்டது. கன்னடத்தில் கெஞ்சினார். இந்திக்காரன் என்றான் ஒருவன். அவனுடைய பெரியம்மா வீட்டில் பேசுவது கன்னடம்தான்.

பச்சை ஜக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்காரி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தன் முடியை அவரிடம் நிறுத்துப் போட்டுக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. உன் முடிதானே இது, சொல்லேன் என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷமாகப் பழகிய ஆளாயிற்றே என்று மற்றவர்களிடம் கத்தினேன்.

"அதாங்க டீச்சர், இத்தன வருசமா ஒவ்வொரு வூடா நோட்டம் பாத்திருக்கான்" என்றான் காம்பு வைத்திருந்தவன்.

எனக்கு வந்த கோபத்தில் மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். முடி காற்றில் பறந்தது. பாதிக்கு மேல் நரைமுடி. ஒரு கை அள்ளி அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"எந்தக் கைப்புள்ளைக்குய்யா நரைச்சிருக்குது?"

அவன் காம்பைக் கீழே போட்டான். ஒருவன் மூட்டையைக் கட்ட உதவினான். மானங்கெட்டவர்கள்.

பென்னாகரம் ஆஸ்பத்திரியில் அவருக்கு வலது கையில் கட்டுப் போட்டார்கள். ஒரு கண் திறக்கவே முடியவில்லை. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை என்று பிறகு தெரிந்தது. அவர் மனைவி வந்திருந்தார். பணம் கேட்கவில்லை, சண்டை போடவில்லை. அந்த ஊரில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்று சொல்வாரே என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் தாய்மார்கள் கூட்டத்தில் ஒருத்தியையும் விட்டுவைக்கவில்லை. மூளையைப் போனில் அடகு வைத்துவிட்டீர்களா, அழுகிறாள் என்றால் நிஜமாகிவிடுமா, யார் எவர் என்று கேட்க வாயில்லையா என்று மூச்சு முட்டத் திட்டினேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை ஜக்குக்காரிதான் நிமிர்ந்தாள். அவள் குரலில் எதிர்ப்பு இல்லை.

"நீங்க கும்பிடு போட்டிருந்தீங்க டீச்சர். டீச்சரே பாத்துட்டாங்க, அப்ப நெசந்தான்னு எங்கூட்டுக்காரருகிட்ட நாந்தான் காட்டுனேன். நம்ம முடிக்காரர நெனச்சுக்கூடப் பாக்கல."

போனை எடுத்துப் பார்த்தேன். அந்தக் குரல் பதிவுக்குக் கீழே முதல் கும்பிடு என்னுடையது. ஒரு கையில் எடைத் தராசு, மறு கையில் போன். கேட்காமலே போட்டிருக்கிறேன். அதன் கீழே வரிசையாக இருபது, முப்பது கும்பிடு.

அதன்பிறகு யாரைத் திட்ட? கூட்டம் எப்படிக் கலைந்தது என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து, பால்வாடிக்குப் போட்ட புடவையைக்கூட மாற்றாமல் போன் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பதிவு பொய், அதைக் கேட்காமலே நான் கும்பிடு போட்டது என் தப்பு, அதனால் ஒரு மனிதருக்குக் கண் போயிற்று, இனி எதையும் கேட்காமல் யாரும் கும்பிடு போடாதீர்கள் என்று குழுவில் பேசி அனுப்பினேன். இடையில் அழுகை வந்து நிறுத்தி நிறுத்திப் பேசினேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பதிவு அது.

அனுப்பிய பத்தாவது நொடியில் முதல் கும்பிடு வந்தது.