பாலம் முடியட்டும்

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் என் மடியிலிருந்த பொட்டலத்துக்கு மகள் கை நீட்டினாள். வாட்டிய வாழையிலைக்குள் தேங்காய் ரொட்டி மணத்தது.

"பசிக்குது உம்மா."

"பாலம் முடியட்டும்."

என் சின்ன வயதில் இங்கே பாலம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் காலைகளில் மோட்டார் வள்ளத்தில்தான் கடந்தோம். அக்கரையில் கால் வைக்கும்வரை என் உம்மா சாப்பாடு தரமாட்டா. "வகுறு நிறைஞ்சா நீந்த ஏலாது மகள்" என்பா. எங்கள் இரண்டு பேருக்கும் நீந்தவே தெரியாது. அதைச் சொன்னால் முறைப்பா.

ஒருநாள் நடுவழியில் மோட்டார் நின்றுவிட்டது. காற்று வள்ளத்தைக் கடல் பக்கம் தள்ளியது. காலடியில் தண்ணீர் ஏற, ஆண்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு அள்ளி வெளியே ஊற்றினார்கள். நான் பசியையே மறந்திருந்தேன். அப்போது உம்மா பொட்டலத்தை அவிழ்த்தா. ஒரு துண்டைப் பிய்த்து, சம்பலில் தொட்டு, என் வாயருகே நீட்டினா.

"தின்னுங்க மகள்."

அதுவரை நான் அழவில்லை. அந்த ரொட்டியைக் கண்டதும்தான் அழுதேன்.

பிறகு வேறொரு வள்ளம் வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போனது.

"நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசியோடு கோபித்துக்கொண்டே இருக்கட்டும். பொட்டலத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன். இரண்டு பக்கமும் இன்னும் தண்ணீர்தான்.