ஊறிப்போன கேரம் காய்கள்

நைனாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலத்தில்தான் எனக்கு வாய் நீண்டது என்று அம்மா சொல்வாள். அவர்களுக்கிடையே போகவேண்டிய வார்த்தைகளெல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தன. கடப்பாரை வேண்டுமென்றாலும் நான்தான் கேட்கவேண்டும். கொடுக்க முடியாது என்றாலும் நான்தான் சொல்லவேண்டும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடுவேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமை உண்டு.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஆரணியாற்றை ஒட்டி எங்கள் ஊர். ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். மடைத் தண்ணீர் யார் கழனிக்கு முதலில் பாய்வது என்று தொடங்கிய சண்டை அது. பாகம் பிரித்தபோது அண்டா, ஏர், மாடு எல்லாம் ஒழுங்காகப் பிரிந்தன. கேரம் போர்டில் வந்துதான் பஞ்சாயத்து நின்றது. இருவரும் இளவட்டங்களாக இருந்தபோது பட்டணத்தில் சேர்ந்து வாங்கி, ரயிலில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்த பலகை. விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர், பலகை தம்பிக்கு, காய்கள் அண்ணனுக்கு என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாராம். அது புத்திசாலித்தனமா, பசியா என்பது இன்றுவரை தெரியாது.

ஆகவே கழனியில் வேலை இல்லாத மத்தியானங்களில் பெரியப்பா வாசலில் வந்து நின்று செருமுவார். கையில் காய்கள் கட்டிய துணிப்பை இருக்கும். நைனா சுவரில் மாட்டியிருக்கும் பலகையை இறக்கி வைப்பார். அரிசி மாவு தூவி இருவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆடுவார்கள். அப்போதும் பேச்சு என் மூலமாகத்தான். "இப்ப யாரு ஆட்டம்னு கேளு" என்பார் பெரியப்பா. நான் தலையை இந்தப் பக்கம் திருப்பி, ஏதோ அடுத்த ஊர்ச் சேதிபோல நைனாவிடம் அதைக் கேட்பேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. எங்கள் பாதி மேடு. பெரியப்பாவின் பாதி பள்ளம். விதை நெல்லையும் ஆடுகளையும் இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தோம். கட்டிலுக்கடியில் கிடந்த துணிப்பையை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் வடிந்து சேற்றிலிருந்து எடுத்துப் பார்த்தபோது காய்கள் ஊறவைத்த மொச்சைக்கொட்டைபோல உப்பியிருந்தன. சிவப்புக் காயின் சாயம் போய் வெளுத்திருந்தது.

அதன்பிறகு பெரியப்பா வரவில்லை. நைனா பலகையை இறக்குவார், துடைப்பார், மறுபடி மாட்டிவிடுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "போய் அவர..." என்று ஆரம்பித்து, "ஒண்ணும் வாணாம், போ" என்று முடித்துவிட்டார். எனக்கு உத்தியோகம் போய்விட்டது.

பெரியம்மாதான் முறத்தில் காய்களை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்தாள்.

"அந்த மனுசன் மோட்டுவளையப் பாத்துக்கினு குந்திக்கினு கீது. சோறு எறங்கல" என்றாள் அம்மாவிடம்.

"இங்க மட்டும் இன்னா வாழுதாம்? உள்ள கொண்டா அக்கா" என்றாள் அம்மா.

வெயில் எட்டிப்பார்க்காத நாட்கள். பெரியம்மாவுக்கு அவசரம்; ஒரு கறுப்புக் காயை அடுப்பு வாயிலேயே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பட்டென்று விரிந்துபோயிற்று. அதன்பின் அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். விரிந்ததைக் கருவேலம் பிசின் வைத்து ஒட்டினாள். மற்றவற்றை அரிசிப் பானைக்குள் புதைத்து ஈரத்தை இழுக்கவிட்டாள். பிறகு துணியில் பரப்பி, இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, கோணாமலிருக்க மேலே அம்மிக் குழவியை ஏற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பில் விட்டாள். காலையும் மாலையும் எடுத்துத் திருப்பி வைப்பது என் வேலை. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வெளுத்த சிவப்புக் காய்க்கு இருவருமாக மருதாணி அப்பினார்கள். மிச்சத்தைத் தங்கள் விரல்களுக்கும் வைத்துக்கொண்டு எதற்கோ சிரித்தார்கள். சுவர் எழும்பிய பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை.

நைனாவுக்கு இது எதுவும் தெரியாது என்று எல்லோரும் வைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஒருநாள் பீடி பற்றவைக்க அடுப்பங்கரைக்கு வந்தவர், குழவியைத் தூக்கி ஒரு காயை எடுத்து முகர்ந்து பார்த்து, வைத்த மாதிரியே வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். பீடியைப் பற்றவைக்க மறந்துவிட்டார்.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் வாசலில் செருமல் கேட்டது. நைனா பலகையை இறக்கினார். நான் என் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் காயே மானத்தை வாங்கியது. நைனா அடித்தது பாதி தூரம் போய், வளைந்து, குறிவைத்த குழிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றது. அடுத்தது நகரவே இல்லை. பிசின் வைத்த காய் உருண்டு எழுந்து பலகையை விட்டே வெளியேறியது. பெரியப்பா குனிந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது, கள்ளு குட்ச்சவன் மாரி போவுது?" என்றார்.

வழக்கப்படி நான் திரும்பி, "நைனா, பெரியப்பா இன்னா கேக்குதுன்னா..." என்று தொடங்கினேன். நைனா என்னைப் பார்க்கவில்லை.

"அதுவாவது தேவல ண்ணா. இதப் பாரு, இதுக்கு இடுப்பே ஒடிஞ்சிப்போச்சி" என்று இன்னொரு காயைப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அவ்வளவுதான். எந்தக் காய் எந்தப் பக்கம் சாயும், எதை எந்தப் பக்கம் கவிழ்த்து வைத்தால் ஓடும் என்று இருவரும் மாற்றி மாற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் குரல்கள் உயர்ந்து சண்டைபோலவே கேட்டது. அடுப்பங்கரையில் அம்மாவும் பெரியம்மாவும் மாவாட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகை என்று நினைத்தேன்.

எனக்கோ அழுகை அழுகையாக வந்தது. நாள் தவறாமல் திருப்பிப் போட்டுக் காயவைத்தவள் நான். அத்தனையும் வீணாகி, இருவரும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் காய்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு என்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவும் இல்லை. அம்மாவிடம் போய், காய்களுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, எல்லாவற்றையும் வாங்கி மறுபடி அரிசிப் பானையில் போடுவோம், அடுத்த முறை நேராக ஓடும் என்று முறையிட்டேன்.

அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கட்டும் வுடு கண்ணு. இதுக்கு மேல காய வாணாம்" என்றாள் அம்மா.

காய்ந்த அப்பளத்தையே இன்னொரு வெயில் காட்டாமல் பானையில் எடுத்துவைக்காதவள் அம்மா. அடுப்பில் கங்கு இருக்கிறது, பானையில் அரிசி இருக்கிறது, குழவி சும்மா கிடக்கிறது. இப்படி அரைகுறையாக ஒரு வேலையை அவள் விட்டதன் காரணம் மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.