மலக்குமார் செய்த சுன்னத்

என் மகனைப் பிறந்த புதிதில் குளிப்பாட்ட வந்தவர் என் நாத்தனார். துணியை விலக்கியவர் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்து ஒரே சத்தம்.

"அல்லாவே! இங்க பாரு, புள்ளைக்கு மலக்குமாரே சுன்னத் பண்ணி அனுப்பியிருக்காங்க!"

எப்போதோ ஒரு பிள்ளை நுனித்தோல் மூடாமல் பிறக்கும். மலக்குமார் என்கிற வானவர்களே வந்து செய்துவிட்ட சுன்னத் அது, அந்தப் பிள்ளைக்குக் கத்தி வேண்டியதில்லை என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. சாயங்காலத்துக்குள் மரக்காணத்தில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பிள்ளை பார்க்க வந்தவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கும் சந்தோஷம்தான், காரணம் வேறு. கர்ப்பமாக இருந்தபோதே குவைத்தில் இருந்த கணவரோடு போனில் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முன்பே முடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

"கைக்குழந்தைன்னா சீக்கிரம் ஆறிடும். யூரின் இன்ஃபெக்‌ஷனும் வராதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க."

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அந்தத் தொற்று குறையும் என்பது உண்மை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வராமலே போகும் என்பதும் உண்மை. டாக்டர்களே இதில் ஒரே பேச்சாக இல்லை.

"மார்க்கத்த நான் வேணாம்னு சொல்லலீங்க. அவனுக்கு விவரம் தெரியட்டும், அவன்கிட்ட சொல்லிட்டுப் பண்ணலாம். அவன் உடம்புதானே?"

"பத்து வயசுப் பையன் சரின்னு சொல்லுவானா?"

"மாட்டான்னு தெரியுதில்ல? அப்ப பேசத் தெரியாதவன மட்டும் எதுக்குப் புடிச்சு பண்றீங்க?"

இந்த இடத்துக்கு வந்ததும் இருவரும் கத்த ஆரம்பிப்போம். இப்போது மலக்குமார் புண்ணியத்தில் சண்டை ஓய்ந்தது. "சரி விடு, மேல இருந்தே ஆயிடுச்சு" என்றார்.

ஆண்பிள்ளையைத் தூக்கியவர்கள் எல்லாருக்கும் சட்டை நனைந்த கதை ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அவன் மூத்திரம் முன்னால் பீச்சாமல் கீழே வழிந்து தொடையை நனைத்தது. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, துவாரம் நுனியில் இல்லை, அடிப்பக்கம் இருக்கிறது என்றார். அதனால்தான் தோல் மேல்பக்கம் மட்டும் குல்லா மாதிரி நிற்கிறதாம்.

"ஒரு வயசுக்கு மேல ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் யாரும் சுன்னத் பண்ணிடாமப் பாத்துக்கங்க. அந்தத் தோல் வேணும்."

வீட்டில் சொன்னேன். நாத்தனாருக்கு முகம் செத்துவிட்டது. "மலக்குமார் செஞ்சத ஊனம்னு சொல்றியா?" என்றார். கணவர் போனில் வேறு பக்கம் தாவினார்.

"மலக்குமார் செஞ்சது இல்லேன்னா முறைப்படி பண்ணிட வேண்டியதுதானே? அடுத்த மாசம் ஜமாத்துல இலவச முகாம் இருக்குது."

தோலைத் தொடக்கூடாது என்றேன். அவர் நம்பவில்லை. "மொதல்லேர்ந்து வேணாம்னு சொன்னவ நீ. இப்ப டாக்டர் பேரச் சொல்ற." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நான் கடைக்குப் போயிருக்கும்போது யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தோலை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் போகவில்லை. அது போய்விட்டால் ஆபரேஷன் சிக்கலாகிவிடும், பிறகு அவன் மற்ற ஆண்பிள்ளைகள் மாதிரி நின்று மூத்திரம் போவானா என்பதே சந்தேகம்.

முகாம் நாளில் லீவு போட்டுவிட்டு நானே பிள்ளையையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாண மண்டபம் முழுக்கப் புது வெள்ளைக் கைலி கட்டிய பையன்கள். பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் பிஸ்கட் தின்றுகொண்டு அழுகிறவர்களை வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் முறை வந்தபோது, டாக்டரே பார்த்துச் சொல்லட்டும் என்று நான் வாயே திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். திண்டிவனத்திலிருந்து வந்திருந்த டாக்டர், எங்கள் ஆள்தான், தாடி வைத்தவர், துணியை விலக்கினார். நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தார்.

"இத யாரும்மா வெட்டச் சொன்னது? இந்தத் தோல வச்சுத்தான் மூத்திர வழி தைக்கணும். இது போச்சுன்னா அப்புறம் கன்னத்துக்கு உள்ளேர்ந்து எடுத்துத் தைக்கணும்."

நாத்தனார் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஷேர் ஆட்டோ உப்பளத்தைத் தாண்டியதும் அவரே தம்பிக்குப் போன் போட்டார். "டேய், அவ சொன்னது நெசம்தான்டா. புள்ள மேல யாரும் கை வெக்கக் கூடாது." அன்றிலிருந்து என்னைவிடக் கடுமையான காவல் அவர்தான். துணி மாற்றக்கூட வேறு ஆளை விடவில்லை.

ஒரு வயது தாண்டியதும் பாண்டிச்சேரியில் ஆபரேஷன். தோலில் தேவையானதை எடுத்துத் தைத்துவிட்டு மிச்சத்தை நீக்கிவிடுவோம், பார்க்கச் சுன்னத் செய்தது போலவே இருக்கும் என்றார் சர்ஜன். "இந்த வயசுல பண்ணிட்டா பின்னால அவனுக்கு ஞாபகம் இருக்காதும்மா" என்றும் சொன்னார். இதைக் கணவர் சொல்லியிருந்தால் நார் நாராகக் கிழித்திருப்பேன். சர்ஜனிடம் உடனே தலையாட்டினேன். இது குறையைச் சரி செய்வது, அது வேறு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அவனைக் கேட்காமல்தான் செய்தோம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது அவன் பள்ளிக்கூடச் சுவரில் கூட்டாளிகளோடு வரிசையாக நின்று மூத்திரம் போகிறான் என்று புகார் வருகிறது. திட்டுவது மாதிரி நடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த நாளில் கணவர் வீடியோ காலில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆபரேஷனும் ஆச்சு, சுன்னத்தும் ஆச்சு. எல்லாம் ஒரே வலியோட போச்சு. டாக்டர் சொன்னாரில்ல, அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

நர்ஸ் ஒட்டியிருந்த பஞ்சை எடுக்க ஆரம்பித்தார். போனை நாத்தனாரிடம் கொடுத்து, பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். அவன் கைகள் இரண்டையும் நான்தான் அமுக்கிப் பிடித்திருந்தேன். பிடித்திருக்கிற என்னையே பார்த்து, காப்பாற்றச் சொல்லி "ம்மா, ம்மா" என்று அலறினான்.

"போதும்க்கா, போனத் திருப்பு" என்றார் கணவர்.

"திருப்பாதீங்கக்கா" என்றேன். "நமக்காவது ஞாபகம் இருக்கட்டும்."