கை விட்டுடுங்கம்மா

குழந்தைகளுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என்றால், ஒரு பக்கம் அழுகை நடக்க, மறுபக்கம் நாம் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை பார்ப்பது. நீங்களும் இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர் என்றால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். விழுப்புரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்துத் திண்டிவனம் சிகிச்சை மையத்துக்குப் போகிறேன். அங்கே எனக்குக் 'காலு மேடம்' என்று பெயர்.

வரவேற்பு

ஒலக்கூர் பக்கத்திலிருந்து வரும் மூன்று வயதுப் பையன் ஒருவன் என்னைக் கண்டாலே அலறுவான். அவன் முழங்காலை மடக்கி நீட்டுவதைத் தவிர நான் ஒரு பாவமும் செய்ததில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக்கொண்டிருந்தேன். அவன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு அலற ஆரம்பித்தான். அங்கிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பிள்ளை பிடிப்பவளைப் போலப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால் அவன் அப்பா பூரித்துப்போய் நின்றார்.

"நீங்க வேற மேடம், உங்கள அடையாளம் தெரிஞ்சிக்கினு அழுவுறான். போன வருசம் அவனுக்கு என்னையே தெரியாது."

நடக்குமா?

செல்வி மரக்காணம் பக்கம் மீனவக் குப்பத்துக்காரர். மகள் சந்தியாவுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே உடம்பு விறைப்பு. யாராவது பிடித்துக்கொள்ளாமல் உட்கார மாட்டாள். தானாக உட்கார்ந்தால் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருந்தார். எங்கள் மூவருக்கும் அதுதான் பரீட்சை.

ஆனால் செல்வி வரும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: புள்ள நடக்குமா? எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மை சொல்லத் தைரியம் வராது. மழுப்புவேன். அன்றைக்கும் கேட்டார். என் கவனமெல்லாம் பாயில் இருந்த சந்தியா மேல். அம்மாவின் கை முதுகில் பட்டும் படாமலும் இருக்க, அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இதுதான் சமயம் என்று, "கை விட்டுடுங்கம்மா" என்றேன்.

செல்வி என்னையே பார்த்தார். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"சரிங்க மேடம்" என்றார்.

போன்

அதன்பிறகு ஆளையே காணோம். போன் அடித்தேன். எடுத்தவர் கணவர் முருகன். ஜூன் நெருங்குகிறது, இப்போது போய் விட்டுவிட்டீர்களே என்று பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடக்குமான்னு கேட்டதுக்குக் கைவிட்டுடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க? அன்னிலேர்ந்து அவ சரியா சோறு துன்றதில்ல" என்றார்.

பிள்ளையை இல்லை, முதுகில் வைத்திருந்த கையைத்தான் சொன்னேன் என்று திரும்பத் திரும்ப விளக்கினேன். அலைச் சத்தத்துக்கு நடுவே முருகன் கேட்டார்:

"அத முழுசா சொல்லக்கூடாதா மேடம்?"

பரீட்சை

அடுத்த வாரமே இருவரும் சந்தியாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வராத நாட்களில் முருகன், மீன் போடும் பிளாஸ்டிக் கிரேட்டுக்குள் பழைய வலையைத் திணித்து, அதில் சந்தியாவை உட்காரவைத்துப் பழக்கியிருந்தார். அவள் மேல் கருவாட்டு வாசனை. முதுகு மட்டும் நன்றாகத் தேறியிருந்தது. ஆனால் பயந்துபோன செல்வியோ கையை எடுப்பதாகவே இல்லை. எனக்கும் அந்த வார்த்தையை மறுபடி சொல்ல நாக்கு எழவில்லை.

சந்தியாவுக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். வாயைக் கோணி, எச்சில் வழியச் சொன்னாள்:

"கைய... உடும்மா."

செல்வி விட்டார். சந்தியா கொஞ்சம் ஆடினாள், விழவில்லை. நாங்கள் மூன்று பெரியவர்களும் அழுதோம். அறையில் அழாதவள் அவள் ஒருத்திதான். இப்போது ஒன்றாம் வகுப்பில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். செல்வி இன்னும் நடக்குமா என்று கேட்கிறார், நான் இன்னும் மழுப்புகிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: நான் இப்போதெல்லாம் 'கையை எடுங்க' என்றுதான் சொல்கிறேன், 'விடு' என்று சொல்வதை அந்தந்தப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டேன்.