பைலட் திறந்த நோன்பு

ராயபுரத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு டாக்டர் ரூத்தைவிட எல்சியிடம்தான் பயம். டாக்டர் ஊசி போடுவார், அவ்வளவுதான். எல்சி எடை போடுவாள். ரூத்தின் கிளினிக்கில் பத்தொன்பது வருஷமாக எடை மெஷின் பக்கத்தில் நிற்கிறவள். எந்த நாய் வந்தாலும் முதலில் விலாவைத் தடவிப் பார்ப்பாள். எலும்பு கையில் தட்டுப்படாவிட்டால் வளர்ப்பவர் தொலைந்தார். "இன்னா போடுற இதுக்கு?" என்று ஆரம்பித்தாளானால் மிக்சர், முறுக்கு, டீயில் நனைத்த பொறை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுத்தான் போக வேண்டும். பாவமன்னிப்புக்குப் போனால் சாமியார்கூட இவ்வளவு துருவ மாட்டார்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டு நாய் நாற்பத்தோரு கிலோ என்றால் மானம் போகுமா, போகாதா?

பைலட் ஒரு லாப்ரடார். எல்சியின் கணவர் ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற வாரம் தூக்கி வந்த குட்டி. இந்த ஜனவரியில் அதன் பின்னங்கால் முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகும். டாக்டர்தான் தயங்கினார்.

"இந்த எடையில மயக்க மருந்து கொடுக்கப் பயமா இருக்கு எல்சி. சரி பண்ணின காலும் பாரம் தாங்கணும். அஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க."

அவர்கள் வீடு மாடியில். பைலட்டால் பதினான்கு படி ஏற முடியாது. கீழே வாசலறையில் படுத்துக்கொண்டது. அதைத் தனியே விட மனமில்லாமல் ஸ்டானிஸ்லாஸும் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். அறுபத்தாறு வயது முதுகு தரையில் கிடக்கிறதே என்று எல்சி ராத்திரியில் இரண்டு தடவை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

சமையலறைத் தராசை எடுத்தாள். தோலில்லாத கோழி, சுரைக்காய், டாக்டர் எழுதிக்கொடுத்த தீனி, எல்லாம் கிராம் கணக்கில். பிப்ரவரி நடுவில் முப்பத்தொன்பதரை வந்தது. அப்புறம் என்ன மாயமோ, நாற்பது, நாற்பத்தொன்று, மார்ச்சில் நாற்பத்திரண்டு. மெஷின் கெட்டுவிட்டதோ என்று தானே ஏறிப் பார்த்தாள், பார்த்திருக்க வேண்டாம். தைராய்டு பரிசோதனையிலும் ஒன்றுமில்லை.

அவளுக்கு இன்னொரு துக்கமும் இருந்தது. இந்த வருஷம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாளே ரமலான் நோன்பு தொடங்கியது. எதிர்வீட்டு சௌக்கத் அலி, ஸ்டானிஸ்லாசின் துறைமுகத்து தோஸ்து, தினமும் சாயங்காலம் கொத்துக்கறி போட்ட நோன்புக் கஞ்சியும் சமோசாவும் அனுப்பிவிடுவார். ஸ்டானிஸ்லாசோ தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடாத மனுஷன். ஆனால் எல்சி கிளினிக்கிலிருந்து வரும்போது தூக்குவாளி துடைத்து வைத்ததுபோல் காலியாக இருக்கும். வயசான காலத்தில் நாக்கைக் கட்ட முடியவில்லையே என்று மனசுக்குள் அழுதாள். கேட்டால் அவமானப்படுவார் என்று கேட்கவுமில்லை. அவருக்காக ஜெபமாலையில் பத்து மணி கூடுதலாக உருட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கிளினிக்கைச் சீக்கிரம் மூடினார்கள். எல்சி தெருமுனை திரும்பும்போது மசூதியில் நோன்பு திறக்கிற நேரத்துப் பாங்கு ஒலித்தது. பைலட் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தது. ஸ்டானிஸ்லாஸ் தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊற்றி, மேலே சமோசாவையும் பிட்டுப் போட்டார்.

"இன்னாய்யா பண்ற?"

அவருக்குக் கை அப்படியே நின்றது. "சௌக்கத்து ஆசையா அனுப்புறான். வேணாம்னு எப்பிடி சொல்றது? கொட்டுனா பாவம். நான் துன்னா அதுவும் பாவம்."

"அதுக்கு?"

"பைலட்டுக்குத் தவக்காலம் கிடையாதுல்ல."

"அதுல வெங்காயம் வேற கீது, நாய்க்கு ஆவாதுய்யா." தட்டைப் பிடுங்கினாள். திட்டத்தான் வாயெடுத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "நீ கறி துன்றன்னு நான் மூணு வாரமா உனுக்காக ஜெபம் பண்ணிகினு கீறேன்."

ஸ்டானிஸ்லாசுக்கு முகம் சுருங்கியது. "ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஊர் நாயெல்லாம் என்ன தின்றது என்று குடைந்தவள், கட்டிய புருஷனைக் கேட்கவில்லை.

நேரே எதிர்வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். சௌக்கத் அலிக்கு முதலில் வருத்தம்தான். "முப்பது வருசம் ஒண்ணா வேலை செஞ்சவன். வேணாம்டான்னு சொல்ல மாட்டானா?" என்றார். மறுநாள் கறியில்லாத கஞ்சியை அவரே கொண்டுவந்தார். கூடவே ஒரு சின்ன டப்பாவில் நறுக்கிய வெள்ளரிக்காய்.

"இது அவுரு நோன்பு தொறக்க" என்றார், பைலட்டைக் காட்டி. ஸ்டானிஸ்லாஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

ரமலான் பெருநாள் முடிந்தும், சாயங்காலப் பாங்கோடு வருகிற வெள்ளரிக்காய் நிற்கவில்லை. மே கடைசியில் முப்பத்தாறு கிலோ. ஜூனில் ஆபரேஷன். இப்போதெல்லாம் கிளினிக்குக்கு வருபவர்களிடம் எல்சி வேறு விதமாக ஆரம்பிக்கிறாள். "உன் வூட்ல வேணாம்னு சொல்லத் தெரியாத ஆளு யாரு?" என்றுதான் முதல் கேள்வி.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் பைலட் படியேறிப் பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். ஸ்டானிஸ்லாஸ் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். ஒவ்வொரு படியாகப் பதினான்கும் ஏறியாயிற்று. மாடியில் நின்ற எல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரு கைகளையும் நீட்டினாள்.

பாங்கு ஒலித்தது. பைலட் காதை நிமிர்த்தியது. திரும்பி, பதினான்கு படியும் நிதானமாக இறங்கி, வாசலில் போய் உட்கார்ந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.