பளபளத்த டயர்

ஒரு டயரைத் தடவிப் பார்த்தாலே அது இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று கிரேசி சொல்லிவிடுவாள். ஆனால் தெரியாத ஒருவரைப் பார்த்து “கொஞ்சம் நகருங்க” என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அவர்களாக எடுக்கும் வரை பேசாமல் நிற்பாள்.

கடலூர் முதுநகரில் அவளுடைய அப்பா மரிய ஜோசப் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவள் ஒன்பதாவது படித்தபோது, அரையாண்டு விடுமுறையில், அவருக்குக் கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துவிட்டன. விடுமுறை முடிந்தும் கிரேசி பள்ளிக்குத் திரும்பவில்லை. அது நடந்து பதினாறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “கடக்காரர் இல்லியாம்மா?” என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்வதில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

தங்கை பிரிசில்லா அவளைவிட ஏழு வயது இளையவள். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் இருவரும் பைக்கை எடுத்துக்கொண்டு, மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையின் சிமெண்டுத் தரைக்குப் போவார்கள். பிரிசில்லா ஓட்டுவாள். கிரேசி ஸ்டாப்வாட்ச் பிடிப்பாள். மூன்று வருடமாக இதுதான் அவர்களுடைய ஞாயிறு.

போன தை மாதம் புதுச்சேரியில் நடந்த போட்டியில் பிரிசில்லா மூன்றாவதாக வந்தாள். மறுநாள் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு அவள் படம். ‘மல்லிகை மணக்கும் மோட்டார் மங்கை’ என்று தலைப்பு. அவள் தலையில் ஒரு பூகூட இல்லை. முதலில் வந்தவன் பெயரும் இல்லை, இவள் எடுத்த நேரமும் இல்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் கூட ஓட்டும் பையன்கள், “உனக்கென்னா, ஹெல்மெட்டக் கழட்டுனாலே பரிசுதான்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். பிரிசில்லா சிரித்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை ஓங்கி வைப்பாள்.

அதனால்தான் சிதம்பரம் போட்டி அவளுக்கு அவ்வளவு முக்கியமாகிவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு பழைய ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்தில், கூம்புகளை அடுக்கி வளைவும் நெளிவுமாகப் பாதை போட்டிருந்தார்கள். ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே பட்டியல். மொத்தம் முப்பத்தொரு பேர். ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டும். ஆளுக்கு இரண்டு முறை. இரண்டில் குறைந்த நேரம் கணக்கு. முதல் ஐந்து பேருக்குச் சென்னையில் ஒரு வாரப் பயிற்சி, ஒரு பந்தய அணியின் வண்டியிலேயே.

“இதுல மூஞ்சிய யாருக்கா பாக்கப் போறா? கடியாரம்தான பாக்கும்?” என்று, டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் பிரிசில்லா.

அங்கே போனால் களத்து வாசலிலேயே கேமரா நின்றது. ஒரு யூடியூப் சேனலில் இருந்து சுவேதா என்ற பெண்ணும் கேமராக்காரர் ராஜவேலும் வந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில், போட்டி நடத்தும் சங்கத்தின் செயலாளர் செம்பியன், “இதோ வந்துவிட்டார் கடலூர்ப் புயல் தேவதை!” என்று முழங்கினார்.

“புயல்னா நம்ம ஊர்ல எவங்க்கா கை தட்டுவான்? கூரயத்தான் புடிச்சிக்குவான்” என்று பிரிசில்லா முணுமுணுத்தாள்.

கிரேசி நம்பர் ஸ்டிக்கர் வாங்கப் போய் வரிசையில் மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்தபோது பிரிசில்லா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, பின்னலை அவிழ்த்துவிட்டு, வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அது நான்காவது முறையாம்.

“இன்னும் ஒரே ஒரு தடவ பிரிசில்லா. திரும்பும்போது முடி மட்டும் லேசா பறக்கணும்” என்றாள் சுவேதா.

“எனக்கு டயர சூடு பண்ணணுங்க.”

“ரெண்டே நிமிஷம். ஆமா, கல்யாணத்துக்கு அப்புறம் வண்டி ஓட்ட விடுவாங்களா? அதையும் கேட்டுடறேன்.”

வண்டி புதுசு மாதிரி மின்னியது. சேனல் காரின் டிரைவர் பக்கிரி, கையில் ஸ்பாஞ்சோடு பெருமையாக நின்றார். ஐம்பது வயதுக்காரர். தினமும் காலையில் தன் கார் டயருக்குப் பாலிஷ் போட்டுவிட்டுத்தான் டீ குடிப்பாராம். “டயர்தான் டல்லா இருந்துச்சு. வேலய முடிச்சிட்டேன், பாப்பா. கேமராவுல பாருங்க, கண்ணாடி மாதிரி தெரியும்.”

கிரேசி குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் மட்டும் இல்லை. தரையைத் தொடும் வரிகள் முழுக்கப் பாலிஷ். அதில் கால் வைத்தால் எறும்பு வழுக்கும். வாயைத் திறந்தாள்.

தரையில் படுத்து முன்சக்கரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ராஜவேல் கையைத் தூக்கினார். “அக்கா, சத்தம் வேணாம். மைக் ஓடுது. கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க.”

கிரேசி வாயை மூடிக்கொண்டு அந்தாண்ட போய் நின்றாள்.

அதே நேரம் ஒலிபெருக்கியில் பிரிசில்லாவின் பெயர் வந்தது. அவள் அவிழ்ந்த முடியை ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள். புறப்படும் கோட்டில் வண்டியை நிறுத்தி அக்காவைத் தேடினாள். கிரேசி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். வாழ்த்துகிறாள் என்று நினைத்து பிரிசில்லாவும் கையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டாவது வளைவில் முன்சக்கரம் சோப்புக்கட்டி போல நழுவியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கேமரா ஓடிப்போய் முழுவதையும் பிடித்தது.

நல்லவேளை, முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்போடு போயிற்று. வண்டியும் தப்பியது. ஆனால் ஒரு வாய்ப்பு போய்விட்டது. அடுத்த முறைக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

பிரிசில்லா டயரை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “நீ பாத்தியாக்கா?”

“பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“மைக் ஓடுதுன்னாங்க.”

பிரிசில்லா அவளையே பார்த்தாள். “பதினாறு வருஷமா டயர்ல கெடக்குற. மைக்குக்காக வாய மூடிக்கிட்ட.”

திட்டியிருந்தால் தேவலை என்று கிரேசிக்குத் தோன்றியது.

மில்லின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்தது. பக்கத்தில் உமிச் சாம்பல் குவியல். கிரேசி டீக்கடையில் சோப்புத்தூள் வாங்கி வந்து, சாம்பலோடு சேர்த்து இரண்டு டயரையும் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்தாள், கழுவினாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி தேய்த்தாள்.

“மாப்ள, வண்டிக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டுறாங்கடா!” என்று ஒருவன் கத்தினான்.

பக்கிரி தயங்கித் தயங்கி வந்தார். “நல்லா இருக்கட்டும்னுதாம்மா செஞ்சேன்.”

“தெரியுதுண்ணே. தண்ணி மொண்டு ஊத்துங்க.”

அப்போது சுவேதா கேமராவோடு வந்து சேர்ந்தாள். பிரிசில்லாவின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினாள். “கீழ விழுந்த அந்த நொடி என்ன தோணுச்சு? அழுதீங்களா? அம்மா ஞாபகம் வந்துச்சா?”

பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டாள். கிரேசி எழுந்தாள். முழங்கை வரை கரி.

“நகருங்க.”

“அக்கா, ரெண்டே நிமிஷம்...”

“காலயிலேர்ந்து ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னுதான் சொல்றீங்க. அவளுக்கு ஒரு நிமிஷம்கூட வேணாம், அதுக்குள்ள ஓட்டிடுவா. நகருங்க.”

ராஜவேல் கேமராவைத் தாழ்த்தினார். சுவேதா இரண்டடி பின்னால் போனாள். கிரேசிக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது முறை பிரிசில்லா கிளம்பியபோது கிரேசி சக்கரத்தை மட்டும் பார்த்தாள். முதல் வளைவு, இரண்டாவது, நெளிவு, கடைசித் திருப்பம். சக்கரம் தரையைக் கவ்விப் பிடித்தது. ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். நாற்பத்தெட்டு சொச்சம். டயர் கழுவிய நேரம் போக, மற்றவர்கள் ஓட்டியதையும் அவள் பிடித்து வைத்திருந்தாள். அதில் இதைவிடக் குறைவாக மூன்று பேர்தான்.

எல்லாரும் ஓட்டி முடித்தபின் செம்பியன் தாளோடு மேசைக்கு வந்தார். முதல் மூன்று பேரை, எடுத்த நேரத்தோடு வாசித்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுக் குரலைக் குழைத்தார். “பெண்மையைப் போற்ற வேண்டும் அல்லவா? நமது சிறப்புத் தேர்வு, விழுந்தும் எழுந்த தேவதை, பிரிசில்லா!” அதற்கடுத்து ஐந்தாவது ஆளின் பெயர், அவன் எடுத்த நேரம்.

“லேடீஸ் கோட்டாடா மாப்ள” என்று பின்னால் ஒருவன் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பிரிசில்லாவின் முகம், பேப்பரில் படம் வந்த அன்றைக்கு இருந்ததுபோல் ஆகிவிட்டது.

கிரேசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள்.

“சார், அவ டைம் படிக்கல.”

“அதான் செலக்ட் ஆயிட்டாங்களேம்மா. சந்தோஷமா போங்க.”

“மத்தவங்களுக்குப் படிச்சீங்க.”

“லேடீஸ்னு ஒரு மரியாதையாத்தான்மா சொன்னேன்.”

“மரியாத வேணாம் சார். டைம் படிங்க.”

மேசை மேலிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அவள் சொன்னது களம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. செம்பியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தார்.

“பிரிசில்லா. நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு வினாடி. நான்காம் இடம்.” சற்று நிறுத்தி, அவராகவே சேர்த்துக்கொண்டார்: “ஐந்தாம் இடம், நாற்பத்தெட்டு புள்ளி ஐந்து.”

பின்னால் சிரிப்பு நின்றிருந்தது.

கிரேசி மேசையை விட்டு நகர்ந்தாள். திரும்பினால் எதிரே சுவேதா மூச்சு வாங்க நின்றாள். கேமராவைப் பெட்டியில் வைத்துவிட்டார்களாம். ராஜவேல் அவசரமாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, சூப்பர்க்கா! அத அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க. இந்தக் கரிக் கையோட. சார், நீங்களும் மறுபடி படிங்க!”

“ஒரு தடவ படிச்சாச்சு” என்றாள் கிரேசி. “டெம்போ நிக்குது. நாங்க கடலூர் போவணும்.”

பிரிசில்லா ஏற்கெனவே வண்டியைத் தள்ள ஆரம்பித்திருந்தாள். பின்னாலிருந்து பக்கிரி ஓடிவந்து கை கொடுத்தார்.

“டயர்ல கை வெக்கலம்மா” என்றார். “சீட்டத்தான் புடிச்சிருக்கேன்.”